தோட்டத்து ‘மருந்தும்’ நமது உடல்நலமும்



பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பாதையிலே கஹவத்தை அமைந்துள்ளது. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். இரத்தினபுரிப் பகுதி மழைக்குப் பேர்போனது. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. இத்தகைய ஈர மண்ணில் தேயிலை எவ்வாறு செழிக்கின்றதோ அவ்வாறே களையும் செழிக்கின்றது. முன்னர் சுரண்டியாலும் கையாலும் களை எடுத்த மலைகளில், பிற்காலத்தில் முதுகில் டாங்கியைச் சுமந்து ‘மருந்து’ அடிக்கும் வழக்கம் வந்தது.

‘மருந்து’ என்னும் இச்சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. களையைக் கருக்குவதும் மருந்து. பெயர் ஒன்றாக இருப்பதால் பயமும் குறைந்து விடுகின்றது. “இருபது வருடமாக அடிக்கிறேன், எனக்கு என்ன வந்தது?” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. அதே லயத்தில், “இந்த மருந்தால்தான் எல்லா வருத்தமும் வருகிறது” என்று சொல்பவரும் உண்டு. இருவரும் அளந்து பார்த்துப் பேசுவதில்லை. ஓர் இரசாயனம் மனிதருக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அளந்தறிய ஒரு முறை உண்டு. அதை ஒரு குடும்பம் விளங்கிக்கொள்ள பெரிய படிப்புத் தேவையில்லை. அந்த முறையையே இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

தன்மை வேறு, ஆபத்து வேறு

புடையன் பாம்பின் பல்லில் விஷம் உண்டு. அது புற்றுக்குள் கிடந்தாலும் அதன் விஷத்தன்மை மாறுவதில்லை. ஆனால் கொழுந்து எடுக்கும் பெண்ணின் காலடியில், தேயிலைத் தூருக்கடியில் அது கிடக்கும்போதே அவளுக்கு ஆபத்து. இரசாயனமும் இப்படித்தான். தீங்கு செய்யக்கூடிய தன்மை பொருளில் இருக்கின்றது. ஆபத்தோ, அந்தப் பொருள் யாரிடம், எந்த வழியால், எவ்வளவு, எத்தனை காலம் சேர்கின்றது என்பதைப் பொறுத்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நமது முன்னோர் சொன்னதும் இதையே.

1983ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் இந்த அளவீட்டை நான்கு படிகளாக வகுத்துக் காட்டியது. இன்று உலக நாடுகள் பெரும்பாலும் அந்த வழியிலேயே செல்கின்றன. நான்கு கேள்விகளாக அவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்:

1. இந்தப் பொருள் என்ன தீங்கு செய்யக்கூடியது?
2. எவ்வளவு உட்சென்றால் அந்தத் தீங்கு வரும்?
3. உண்மையில் எவ்வளவு மனிதரைச் சேர்கின்றது?
4. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், யாருக்கு எவ்வளவு ஆபத்து?

முதற் கேள்வி: என்ன தீங்கு?

சில தீங்கு உடனே தெரியும். இறப்பர்ப் பாலை உறையச் செய்யும் போமிக் அமிலம் கையில் பட்டால் எரியும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பாலைக் கெடாமல் வைத்திருக்கச் சேர்க்கும் அமோனியாவின் நெடி மூக்கைத் துளைக்கும். இவை நம்மை எச்சரிக்கின்றன; நாமும் விலகி நிற்கின்றோம்.

வேறு சில தீங்கு மெல்ல வரும். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் சேர்ந்து நரம்பையோ ஈரலையோ சிறுநீரகத்தையோ தாக்கும், புற்றுநோயாகவும் வரலாம், கருவிலுள்ள சிசுவையும் பாதிக்கலாம். எரியவில்லை, மணக்கவில்லை என்பதால் இவற்றைப் பற்றி நாம் பயப்படுவதில்லை.

பீடைநாசினிக் கொள்கலன்களின் அடியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறப்பட்டை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். சிவப்பு மிகக் கொடியது, பச்சை மிகக் குறைந்தது என்பது பொருள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த நிறம், ஒரேயடியாக உட்சென்றால் என்ன நடக்கும் என்பதையே காட்டுகின்றது. பத்து ஆண்டு கழித்து வரும் தீங்கை அது சொல்வதில்லை.

உடனடித் தீங்கிலுங்கூட நிறம் முழுவதையும் சொல்லி விடாது. ‘கிறமொக்சோன்’ என்ற பெயரில் நமது தோட்டங்களில் நன்கு அறியப்பட்டிருந்த பரக்குவாட் என்னும் களைநாசினியை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வகுப்பில் அது நடுத்தர நஞ்சாகவே வைக்கப்பட்டது. அதாவது மஞ்சள் நிறம். ஆனால் ஒரு வாய் உட்சென்றாலே உயிரைக் குடிக்கக்கூடியது அது. நுரையீரலிலே சென்று தங்கி அதை வடுவாக்கி மூச்சை அடைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. தவறிக் குடிப்பதைத் தடுக்க அதில் நீல நிறத்தையும் துர்நாற்றத்தையும் வாந்தி வரச்செய்யும் பொருளையும் சேர்த்தார்கள். அப்படியிருந்தும் மரணங்கள் தொடர்ந்தன.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு?

இதற்கு விடை காண விஞ்ஞானிகள் மிருகங்களுக்கு வெவ்வேறு அளவில் பொருளைக் கொடுத்து நெடுங்காலம் அவதானிக்கின்றார்கள். எந்த அளவுவரை தீங்கு ஏதும் தென்படவில்லையோ அந்த அளவைக் குறித்துக்கொள்கின்றார்கள். மனிதன் மிருகத்தைவிட மென்மையானவனாக இருக்கலாம் என்று அதைப் பத்தால் வகுக்கின்றார்கள். மனிதரிலும் குழந்தை, முதியவர், நோயாளி என்று வேறுபாடு இருப்பதால் மீண்டும் பத்தால் வகுக்கின்றார்கள். ஆக, தீங்கு தெரியாத அளவில் நூறில் ஒரு பங்கு. வாழ்நாள் முழுவதும் ஒருவர் நாள்தோறும் உணவின் வழியாகப் பெற்றாலும் தீங்கு நேராது என்று கருதப்படும் அளவு இதுவாகும். தேவையென்று கண்டால் நூறுக்கு மேலும் வகுப்பதுண்டு.

உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு இவ்வளவுகளை வெளியிடுகின்றது. பரக்குவாட்டுக்கு அக்குழு 2003இல் வைத்த எல்லை, உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.005 மில்லிகிராம். கிளைபோசேட் என்னும் களைநாசினிக்கு வைத்த எல்லை 1 மில்லிகிராம். இரண்டும் தோட்டத்துப் பேச்சில் ‘புல்லு மருந்து’தான். ஆனால் ஒன்றுக்கு வைத்த எல்லை மற்றதைவிட 200 மடங்கு சிறியது. எல்லா மருந்தும் ஒன்று என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

எல்லைகள் உடல் நிறையைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. 50 கிலோ நிறையுள்ள தாய்க்குப் பரக்குவாட்டின் நாள் எல்லை 0.25 மில்லிகிராம். அவளுடைய 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. தாய்க்குத் தாங்கும் அளவு பிள்ளைக்கு ஐந்து மடங்கு அதிகம் என்று பொருள்.

மூன்றாம் கேள்வி: உண்மையில் எவ்வளவு சேர்கின்றது?

இதுவே நமக்கு மிக முக்கியமான கேள்வி. முதல் இரண்டுக்கும் விடை ஆய்வுகூடத்தில் கிடைக்கும். இதற்கு விடை மலையிலும் லயத்திலுமே கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேயிலைத் தூளில் பரக்குவாட் எச்சம் ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராமை மிஞ்சக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர விதி. ஒருவர் நாளொன்றுக்கு 10 கிராம் தூளில் தேநீர் குடிக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். தூளிலே எச்சம் அந்த உச்ச அளவில் இருந்து, அது முழுவதும் தேநீரில் இறங்கினாலும் அவருக்குச் சேர்வது 0.002 மில்லிகிராம். 50 கிலோ நிறையுள்ளவரின் எல்லையாகிய 0.25 மில்லிகிராமில் இது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்போது டாங்கி சுமந்தவரைப் பார்ப்போம். உலகில் பரவலாக விற்பனையான பரக்குவாட் கரைசலில் ஒரு லீற்றருக்கு 200 கிராம் நஞ்சு இருந்தது. அப்படியானால் ஒரு மில்லிலீற்றரில், அதாவது ஏறக்குறைய இருபது துளியில், 200 மில்லிகிராம். தேநீர் குடிப்பவருக்கு வகுத்த நாள் எல்லையின் 800 மடங்கு அது. நூறு பங்காக நீர் கலந்த பின்னரும் ஒரு மில்லிலீற்றரில் 2 மில்லிகிராம் இருக்கும். அது எட்டு நாள் எல்லைக்குச் சமன். தோலில் பட்டது முழுவதும் உள்ளே போவதில்லை என்பது உண்மை. புண்ணில்லாத தோல் பரக்குவாட்டை மிகக் குறைவாகவே உள்ளே விடும். ஆனால் அட்டை கடித்த காலும், தேயிலைக் கிளை கிழித்த கையும், ஈரத்தில் ஊறி வெடித்த பாதமும் திறந்த வாசல்கள் அல்லவா? 16 லீற்றர் டாங்கியின் மூடி கசிந்து முதுகு நனைந்தால், நனைந்த சட்டை மாலைவரை உடம்போடு ஒட்டியிருந்தால், கணக்கு எங்கே போய் நிற்கும்?

ஒரே பொருள், கொழும்பில் தேநீர் குடிப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, மலையில் தெளித்தவருக்குப் பெருஞ்சுமை. இரண்டையும் ஒரே சொல்லால் ‘பாதுகாப்பானது’ என்றோ ‘ஆபத்தானது’ என்றோ சொல்லிவிட முடியாது.

நஞ்சு நம்மைச் சேரும் வழிகள் பல. தோல், மூச்சு, வாய் என்ற மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. தோட்ட வாழ்க்கையிலே இன்னும் சில வழிகள் உண்டு:

மருந்தடித்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் வெற்றிலை மடித்து வாயில் போடுதல். மலையிலேயே அமர்ந்து ரொட்டியைப் பிட்டு உண்ணுதல். மருந்தடித்த உடுப்பை, குழந்தையின் துணியோடு சேர்த்துப் பீலிக்கரையில் துவைத்தல். வேலை முடிந்து வரும் தகப்பன் உடை மாற்றாமல் பிள்ளையைத் தூக்கி அணைத்தல். காலியான கானைக் கழுவித் தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைத்தல். காற்று லயத்துப் பக்கம் வீசும்போது அருகிலுள்ள மலையில் தெளித்தல். அடித்த மறுநாளே அதே மலையில் கொழுந்துக்கு இறங்குதல். பெருமழையில் மலைச்சரிவால் வடிந்து ஓடையில் கலத்தல்.

இவற்றுள் எத்தனை நடக்கின்றன என்பதை எந்த ஆய்வுகூடமும் அறியாது. அறிந்தவர்கள் நாமே.

சில நஞ்சுகளுக்கு இரத்தத்தையோ சிறுநீரையோ பரிசோதித்தும் அறியலாம். உதாரணமாக, ஓகனோபொஸ்பேற் வகையைச் சேர்ந்த பூச்சிநாசினிகள் இரத்தத்திலுள்ள கொலினெஸ்ரரேஸ் என்னும் நொதியத்தைக் குறைக்கின்றன. மருந்தடிக்கும் பருவத்துக்கு முன்னர் ஒரு முறையும் பின்னர் ஒரு முறையும் அளந்தால், ஆளுக்கு எவ்வளவு சேர்ந்தது என்பது நோய் வருமுன்னே தெரிந்துவிடும்.

நான்காம் கேள்வி: கிளைபோசேட் கற்பித்த பாடம்

மூன்று விடைகளையும் ஒன்றாகச் சேர்த்து முடிவு காண்பதே நான்காம் படி. அது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு நமது நாட்டு வரலாறே சான்று.

1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களின் சிறுநீரகம் பழுதடைந்தது. 2014இல் இலங்கை ஆய்வாளர் சிலர், கிளைபோசேட்டும் கடின நீரும் சேர்ந்து இந்நோயை உண்டாக்கலாம் என்று ஒரு கருத்தை வெளியிட்டனர். 2015இல் அரசாங்கம் நாடு முழுவதும் கிளைபோசேட்டைத் தடை செய்தது.

அதே 2015 மார்ச் மாதத்தில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் மிகுந்த பொருள் என்று வகைப்படுத்தியது. மறு ஆண்டு, 2016 மே மாதத்தில், முன்னே சொன்ன கூட்டு நிபுணர் குழு, உணவின் வழியாகச் சேரும் கிளைபோசேட்டால் புற்றுநோய் வரும் சாத்தியம் குறைவு என்ற முடிவை வெளியிட்டது. ஒரே ஸ்தாபனத்தோடு சேர்ந்த இரு குழுக்கள் முரண்பட்டுப் பேசியதாகவே பலர் எண்ணினர்.

நமது நான்கு கேள்விகளை அறிந்தவர் குழம்பத் தேவையில்லை. முதற் குழு கேட்டது முதற் கேள்வியை: இப்பொருளுக்கு அத்தகைய தன்மை உண்டா? அந்நிலையத்தின் வகுப்பு சான்றின் வலிமையைக் காட்டுமேயன்றி ஆபத்தின் அளவைக் காட்டாது. 2016இல் அதே நிலையம் 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்களையும் அதே வகுப்பிலேயே சேர்த்தது. இரண்டாம் குழு கேட்டது நான்காம் கேள்வியை. அதுவும் உணவு உண்பவரை மட்டும் மனத்திற்கொண்டு.

அப்படியானால் டாங்கி சுமப்பவர் எங்கே? அவர் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றார். அமெரிக்காவின் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் 54,000க்கு மேற்பட்ட மருந்தடிப்போரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. கிளைபோசேட்டுக்கும் மொத்தப் புற்றுநோய்க்கும் தெளிவான தொடர்பு அதில் காணப்படவில்லை. ஆறுதலான செய்திதான். ஆனால் அங்கே உழவியந்திரத்தில் பூட்டிய கருவியால் சமநிலத்தில் தெளிக்கும் வழக்கம் மிகுதி. இங்கே முதுகில் டாங்கியோடு வழுக்கும் சரிவில் தெளிக்கின்றோம். மூன்றாம் கேள்விக்கு அங்குள்ள விடை வேறு. இங்குள்ள விடை வேறு.

சிறுநீரக நோய் விடயத்திலும் இதே நிதானம் தேவை. நாட்டிலே கிளைபோசேட் பெருமளவில் பயன்பட்டது தேயிலைத் தோட்டங்களில். நோய் பரவியதோ உலர் வலயத்து நெற்செய்கைப் பகுதிகளில். அதுமட்டுமே காரணமாயின் மலையகத்தில் அல்லவா நோய் மிகுந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் பலர் கேட்டனர். நிலத்தடி நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், வெயிலில் நீரின்றி உழைப்பதும், பிற இரசாயனங்களும் ஆராயப்பட்டு வருகின்றன. அனைவரும் ஏற்கும் முடிவு இன்னும் எட்டப்படவில்லை. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021இல் இரசாயன உரமும் பீடைநாசினியும் இறக்குமதி செய்வதே தடுக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் அத்தடை விலக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் கிளைபோசேட் மீதான தடையும் நீக்கப்பட்டது. அளந்து பார்க்கும் முன்னே முடிவெடுத்தால் தடையும் நிலைக்காது. அனுமதியும் நம்பிக்கை தராது.

சரியாக அளந்தபோது நடந்தது

அளவீடு பயனற்றது என்று இதனால் நினைத்துவிடக் கூடாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவாளரின் அனுமதியின்றி எந்தப் பீடைநாசினியும் இந்நாட்டில் விற்கப்படலாகாது. இச்சட்டத்தின் துணையோடு 1984இல் பரதியோன் வகைகளும், 1995இல் எஞ்சியிருந்த மிகக் கொடிய வகுப்பு நஞ்சுகளும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பரக்குவாட், டைமெதொயேட், பென்தியோன் ஆகியனவும் விலக்கப்பட்டன.

எதைக் கொண்டு இம்முடிவுகள் எடுக்கப்பட்டன? வைத்தியசாலைப் பதிவேடுகளைக் கொண்டு. எந்த நஞ்சை உட்கொண்டு வந்தவர்கள் பிழைக்கவில்லை என்பதை வைத்தியர்கள் எண்ணிப் பார்த்தனர். அக்காலத்தில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது; தோட்டங்களும் அத்துயரத்தை நன்கு அறியும். மனம் உடைந்த ஒரு கணத்தில் கைக்கெட்டியது மீள முடியாத நஞ்சாக இல்லாவிட்டால், அந்த உயிர் பிழைத்து, ஆறுதல் பெற்று, வாழ வழியுண்டு. 1995 முதல் 2015 வரை இத்தடைகளால் ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று 2017இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவும் இல்லை.

எண்ணிப் பார்க்கத் தாமதித்தால் என்ன நேரும் என்பதையும் அறிய வேண்டும். நாம் 1998இல் விலக்கிய அதே எண்டோசல்பானை, கேரளத்தின் வடகோடியிலுள்ள காசர்கோட்டில், அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகொப்டரிலிருந்து தெளித்தார்கள். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய இது 2000ஆம் ஆண்டுவரை நீடித்தது. கீழே வீடுகள், கிணறுகள், ஓடைகள். ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளையும் நரம்பு நோய்களையும் முதலில் கவனித்தவர்கள் ஊர் மக்களும் அங்கிருந்த வைத்தியர்களுமே. இந்திய உயர் நீதிமன்றம் 2011 மே மாதத்தில் எண்டோசல்பானைத் தடுத்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபா வழங்கும்படி கேரள அரசுக்குக் கட்டளையிட்டது. தெளித்தல் நின்று பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த கட்டளை அது.

கையுறை மட்டும் போதுமா?

மருந்தடிப்பவர் கையுறையும் முகமூடியும் சப்பாத்தும் அணிய வேண்டும் என்று எல்லாரும் சொல்வர். சரியே. ஆனால் கஹவத்தைச் சூட்டிலும் ஈரத்திலும் முழு உறை அணிந்து, நிறைந்த டாங்கியைச் சுமந்து மலையேறுவது எவ்வளவு கடினம் என்பதை அணிந்தவரே அறிவார். நின்று கை கழுவினால் அன்றைய பேர் அரைப்பேராகி விடுமோ என்ற பயமும் உண்டு. ஆகவே, “அவர் உறை அணியவில்லை, அவரே பொறுப்பு” என்று கணக்கை முடிப்பது நியாயமாகாது.

தொழிற்சுகாதாரத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில், இந்த நஞ்சு தேவையா என்று பார்க்க வேண்டும். மூடுபயிரும் இலைதழை பரப்புதலும் கைக்களையும் போதுமான இடத்தில் நஞ்சு வேண்டாம். தேவையெனில், கொடுமை குறைந்ததைத் தெரிவு செய்ய வேண்டும். அடுத்து, கசியாத டாங்கி, கலக்கும் இடத்தில் தண்ணீரும் சோப்பும், மாற்றுடை, வேலை நேர மாற்றம். எல்லாவற்றுக்கும் பின்னரே கையுறை. கடைசிப் படியைத் தொழிலாளி மீது சுமத்திவிட்டு முதற் படிகளை மறந்துவிடலாகாது.

நாம் செய்யக்கூடியவை

1. லேபலை வாசியுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அது இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பாடசாலை செல்லும் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். பெயர், நிறப்பட்டை, கலக்கும் அளவு, தெளித்த பின் எத்தனை நாள் மலைக்குள் இறங்கலாகாது என்ற நான்கையும் பாருங்கள்.

2. மருந்தடித்த உடையை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். வேறாகத் துவையுங்கள். குளித்து உடை மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள்.

3. காலிக் கானில் தண்ணீர், எண்ணெய், அரிசி எதையும் வைக்காதீர்கள். மூன்று முறை அலசி, அலசிய நீரை டாங்கியிலேயே ஊற்றி, கானைத் துளையிட்டு ஒப்படையுங்கள். மருந்தை ஒருபோதும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

4. வீட்டிலே நஞ்சு வைக்க நேர்ந்தால் பூட்டி வையுங்கள். திறப்பு ஒரு பெரியவரிடம் இருக்கட்டும்.

5. கர்ப்பிணித் தாயும், பால் கொடுக்கும் தாயும், பிள்ளைகளும் மருந்து கலக்கும் இடத்துக்கே போகலாகாது. பிள்ளைக் காம்பராவுக்கும் பீலிக்கும் அருகில் தெளிக்கும் நாளை முன்கூட்டியே பெரட்டில் அறிவிக்கும்படி கேளுங்கள்.

6. தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவுங்கள். யாரேனும் விழுங்கிவிட்டால் உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். லேபலோடு கூடிய கொள்கலனை எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் நச்சுத் தகவல் நிலையம், எந்த நஞ்சுக்கு என்ன சிகிச்சை என்பதை வைத்தியர்களுக்கு எடுத்துரைக்கும்.

7. ஒரு கொப்பி வாங்குங்கள். எந்தத் திகதியில், எந்த மலையில், என்ன மருந்து, எத்தனை டாங்கி, காற்று எந்தப் பக்கம், யார் யாருக்குத் தலையிடி, வாந்தி, தோல் எரிவு என்று எழுதி வையுங்கள்.

ஏழாவதைச் சிறிதென்று எண்ணவேண்டாம். வைத்தியர்கள் பதிவேட்டை எண்ணியதால் உயிர்கள் காக்கப்பட்டன என்று பார்த்தோம். மூன்றாம் கேள்விக்கு விடையின்றி நான்காம் கேள்விக்கு விடையில்லை. அந்த விடை எழுதப்படாமல் போனால், நம்மைப் பற்றிய கணக்கில் நாம் இல்லாமலே முடிவுகள் எடுக்கப்படும். தோட்டத்து வைத்திய உதவியாளரிடமும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், தொழிற்சங்கப் பிரதிநிதியிடமும் வெறுங்கையோடு போய் முறையிடுவதற்கும், ஆறு மாதக் குறிப்போடு போவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

குடும்பமாகச் சிந்திக்க

1. நமது வீட்டில் மருந்தடிப்பவர் யார்? அவருடைய உடை எங்கே துவைக்கப்படுகின்றது?

2. நாம் குடிக்கும் பீலியின் ஊற்று எந்த மலைக்குக் கீழே இருக்கின்றது? அந்த மலையில் கடைசியாக எப்போது, என்ன தெளிக்கப்பட்டது?

3. வீட்டில் உள்ள கான், போத்தல், டின் ஆகியவற்றில் முன்னர் நஞ்சு இருந்தது ஏதேனும் உண்டா?

4. அந்தக் கொப்பியை நமது லயத்தில் யார் எழுதுவது?

இந்நான்கையும் இந்த வாரமே வீட்டில் அமர்ந்து பேசுங்கள். நான்காவதற்கு ஒரு பெயரைத் தெரிவு செய்த பின்னர் எழுந்திருங்கள்.